நீல நூல்

குனிந்தபடி நீல நூலால் தைத்துக்கொண்டிருக்கும் பெண்ணின் ஓவியத்தை ஆறு வருடங்களாகப் பார்வையாளர்களுக்கு விளக்கிவருகிறேன். கைகளில் வண்ணம் தடிப்பு. முகத்திலோ அடியிலுள்ள கித்தான் துணி தெரியும் அளவுக்கு மெலிசு. ஓவியர் களைப்பை அப்படித்தான் வரைந்திருக்கிறார்.

நேற்று அலுப்பில் என் சீருடைக் கோட்டை ஓவியத்தின் அடியிலிருந்த நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டேன். மாதக்கணக்காக ஒரு பொத்தான் இல்லாத கோட்டு. காலையில் பொத்தான் இருந்தது. நூலைத் தொட்டேன். விரலில் ஈரமான நீல வண்ணம் ஒட்டியது.

தரை கூட்ட வந்த அக்கா முறைத்தார். "அவளுக்கு இருக்கற வேலை போதாதா? நீ வேற ஏன்டி குடுக்கறே?"

நிமிர்ந்து ஓவியத்தைப் பார்த்தேன். ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு மேசைமேல் தலை சாய்த்திருந்தாள்.

பத்து மணிக்கு முதல் கூட்டம் சளசளவென்று நுழைந்தது.

"மெதுவா பேசுங்க," என்றேன். "இப்பத்தான் கண்ணசந்திருக்கா."