சொந்தக்காரர் மட்டும்

போலீஸ் அடித்தால், அடிபடுகிறவரின் சொந்தக்காரர் மட்டுமே தடுக்கலாம் என்பது சட்டம். பேருந்து நிலையத் தரையில் சுருண்டு கிடந்த இளைஞன் யாரென்று இட்லிக்கடை பிலோமினாவுக்குத் தெரியாது. ஆனாலும் ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள்.

"விடுங்க சார், என் தம்பி!"

ஏட்டு லத்தியை இறக்கி, கையிலிருந்த கருவியில் அவள் விரலை வைத்து அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"பொய்ச் சொந்தமா? அதுக்குத் தனி அடி இருக்கு."

பிறகு, சட்டப்படி, கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

"இந்தம்மாவுக்குச் சொந்தக்காரங்க யாராச்சும் இருக்கீங்களா?"

அத்தனையும் அவள் கடையில் தினமும் சாப்பிடுகிற முகங்கள். காலையில்கூட, "அக்கா, இன்னொரு கரண்டி சாம்பார்" என்று தட்டை நீட்டியவர்கள்.

ஏட்டு ஒரு நிமிடம் காத்திருந்தார். ஒருவரும் அவளை அக்கா என்று கூப்பிடவில்லை.