சஃப்வானின் உறக்கம்

“எம் பிள்ளைய என்ன சொல்லிப் பயங்காட்டுன, ராத்தா?”

செருப்பைக்கூடக் கழற்றாமல் அக்கா இர்ஷாதாவின் வீட்டுக்குள் நுழைந்து சத்தம் போட்டாள் சஜ்னா. அவள் துப்பட்டாவைப் பிடித்தபடி நான்கு வயது சஃப்வான் நின்றான். பிள்ளைக்குக் கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது, பாவம்.

கோட்டாற்றில் மருந்துக்கடை வேலைக்குப் போகும்போதெல்லாம் இவனை இர்ஷாதாவிடம்தான் விட்டுப்போவாள் சஜ்னா. கூடப்பிறந்தவள் ஆயிற்றே! அந்த நம்பிக்கைதான் இப்போது ஆத்திரமாய்ப் பொங்கியது.

“ஏட்டி, உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? நான் எதுக்குப் பயங்காட்டணும்?”

“டாக்டரே சொல்லியாச்சு. சரியா உறங்காததுனால உடம்புல டென்ஷன் ஹார்மோன் எறங்காமலே நிக்குதாம். அதான் தொட்டதுக்கெல்லாம் அழுகான், சோறு திங்க மாட்டேங்கான். பிள்ள மனசுல ஏதோ பயம் இருக்கு, மொதல்ல அத என்னன்னு பாருங்கன்னாரு.”

“அவன் வாப்பா திரும்ப மஸ்கட்டுக்குப் போனாருல்லா? அந்த ஏக்கமா இருக்கும்.”

“சும்மா அவரு மேல பழியப் போடாத! அவரு போனதுக்கு இவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடல்ல. வாப்பா கடைக்குப் போயிருக்காருன்னேன், சரின்னு இருந்துட்டான்.”

சஜ்னா விடவில்லை. “படுத்தா ‘கதவு பூட்டியாச்சா உம்மா’ன்னு கேட்டுக்கிட்டே கெடக்கான். என் துணிய விட மாட்டேங்கான். பிள்ளபிடிக்காரன் வருவான்னு நீதானே சொல்லி வச்ச?”

“அல்லாமேல சத்தியமா நான் சொல்லல்லட்டி.”

“பொய் பேசாத. கூடப்பிறந்த நீயே இப்பிடிச் செஞ்சா நான் வேற யார நம்புவேன்?” இனி செத்தாலும் இந்த வீட்டுப் படி ஏறுவதில்லை என்று முடிவு கட்டினாள் சஜ்னா.

இர்ஷாதா பதிலுக்குச் சண்டை போடவில்லை. தரையில் உட்கார்ந்து பிள்ளையின் தலையைத் தடவினாள்.

“மக்கா, நீயே சொல்லு. ஏன் உறங்க மாட்டேங்க?”

சஃப்வான் அவளைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து உம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

“நான் உறங்குனப்பதானே உம்மா, நீ வாப்பாவ அனுப்புன?”