எல்வுட்டின் மூச்சு

பால்டிமோரில் 1953இன் வசந்தகாலம். ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் வெயில் அடுக்குமாடிக் கட்டடத்தின் படிக்கட்டில் சாய்ந்து விழுகிறது. குரல் நன்றாக எதிரொலிக்கும் என்றுதான் ஹார்பர்டோன்ஸ் என்னும் நால்வர் பாட்டுக்குழுவினர் எப்போதும் இங்கே பாடுகிறார்கள். இதுவரை ஒரே ஓர் இசைத்தட்டு வந்திருக்கிறது. அதில் உச்சக்குரலில் பாடிய எல்வுட் கொரியப் போருக்குப் போய்விட்டான். இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. அவன் நிற்கும் படியில் இன்று புதியவன் லமான்ட் நின்று, கண்களை மூடிக்கொண்டு அருமையாகப் பாடுகிறான். மேல்மாடியில் மீன் பொரிக்கும் சத்தம்கூட நின்றுவிடுகிறது. ஆனால் இரண்டாம் அடியின் நடுவில் மற்ற மூவரும் ஒருசேரப் பிந்துகிறார்கள்.

"என்னண்ணே, மூணு பேரும் தூங்கிட்டீங்களா?"

அடிக்குரல் பாடும் தேடியஸ் கைப்பிடிக் கம்பியைத் தடவுகிறான். "எல்வுட் அங்க ஒரு மூச்சு வாங்குவான்டா. பய சிகரெட்ட விட்டாத்தானே! நாங்களும் நின்னு நின்னு பழகிட்டோம்."

"அப்ப நானும் வாங்கட்டுமா?"

"வேணாம். நீ சரியாத்தான் பாடுற."

மறுபடி தொடங்குகிறார்கள். அந்த இடம் வருகிறது. தேடியஸின் வாய் தானாக மூடிக்கொள்கிறது, மற்ற இருவரின் வாயும்தான். லமான்டின் குரல் மட்டும் தனியே படியேறிப் போகிறது.