உலைக்கு முன்னால் நின்றவர்

உலைக்கு முன்னால் அப்பா நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். மேலே எழும்பிய மஞ்சள் புகை பாதியில் திரும்பி வந்து அவர் முகத்தை மூடியது. மகள் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதும்டி, நிறுத்து" என்றாள் அம்மா.

மகள் ஒரு விசையைத் தட்டினாள். மடிக்கணினித் திரையில் புகை அப்படியே உறைந்தது. "இது ஆலையில இப்ப இருக்கற புகைக் கூண்டும்மா. புதுசை இன்னும் ஓட்டிக் காட்டல."

பேச்சுச் சத்தத்தில், கட்டிலில் கிடந்த அப்பா கண் விழித்தார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு திரையிலிருந்த தன்னைப் பார்த்தார்.

"தொப்பை எங்க கண்ணு?"

"அதெல்லாம் கணக்குல வராதுப்பா."

"அப்ப உங்கம்மா சமையலே கணக்குல வரல."

சிரிப்பு இருமலாக மாறியது. அம்மா அவர் நெஞ்சைத் தடவிவிட்டாள். மகள் இருமல் அடங்கும்வரை காத்திருந்தாள். இப்போதெல்லாம் அவள் எதற்கும் பதறுவதில்லை. அதுவே அம்மாவுக்கு என்னவோ போலிருந்தது.

செம்பு உருக்காலையில் அப்பா கடைசிவரை ஒரே உலையில் நின்றவர். அதே உலைக்குப் புகையை உறிஞ்சும் கூண்டு வடிவமைக்கும் வேலை மகளுடையது. இரும்பை வெட்டுவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் உலையை எரித்து, புகை எங்கே போகிறது என்று பார்ப்பாள். நாளை ஆலையில் எல்லோருக்கும் காட்ட வேண்டும்.

"உலையிலேர்ந்து எவ்வளவு தள்ளி நிப்பீங்க?"

அப்பா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

"குனிவீங்களா?"

"கசடு தள்ளறப்ப குனியணும்."

"பக்கத்துக் கதவு?"

"தொறந்தேதான் கெடக்கும். மூடினா வெந்துடுவோம்."

ஒவ்வொரு கேள்விக்கும் அம்மாவின் கண் அறையின் மூலைக்குப் போய் வந்தது. அங்கே பழைய போர்வை சுற்றி ஒரு ஃபேன் நின்றது. மகள் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. வேர்த்துக் கொட்டுகிறது என்று அவர் ஒருநாள் சொன்னதற்காக வாங்கினாள். அவரும் அதை ஆலைக்குக் கொண்டுபோய், தினமும் முதுகுக்குப் பின்னால் ஓடவிட்டு நின்றார்.

போன மாதம்தான் அவர் அம்மாவிடம் சொன்னார். "ஃபேன் ரிப்பேரான அன்னிக்குப் புகை நேரா மேல போச்சுடி. அது ஓடினா மட்டும் பாதியில திரும்பி என் மூஞ்சிக்கே வரும். அப்ப எனக்கு உறைக்கல." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "அவளுக்குத் தெரிய வேணாம்" என்றார்.

தூக்கிப் போட்டால் எங்கே என்று மகள் கேட்பாள். அதனால் அம்மா அன்றைக்கே அதற்குப் போர்வை சுற்றினாள்.

மகள் இன்னும் ஏதேதோ கேட்டாள். கூரையின் உயரம் கேட்டாள், காற்று வரும் திசை கேட்டாள். முதுகுப் பக்கம் என்ன இருந்தது என்று மட்டும் கேட்கவில்லை. அப்பா பதில் சொல்லிக்கொண்டே தூங்கிப்போனார்.

"அவ்வளவுதானா? வேற ஒண்ணும் கேக்க வேணாமா?" என்றாள் அம்மா.

"வேணாம்மா. எல்லாம் கெடைச்சிடுச்சு."

அம்மாவுக்கு மூச்சு சீரானது. பழியெல்லாம் பழைய கூண்டின் மேலேயே போகட்டும். கூண்டுக்கு மனசு கிடையாது.

மகள் கணினியை மூடிவிட்டு எழுந்து மூலைக்குப் போனாள். போர்வை ஒரு பக்கம் நழுவி, கரி படிந்த இறக்கை தெரிந்தது. அவள் போர்வையை இழுத்துவிட்டு, முடிச்சை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினாள்.

"அது ஓடறதில்லடி, பழசு" என்றாள் அம்மா அவசரமாக.

மகள் முடிச்சிலிருந்து கையை எடுக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

"நீ நிறுத்தச் சொன்னியே, அது ஃபேனை வெச்சு ஓட்டினதும்மா."