பேனா உரிமம் இல்லாத ஓட்டு

வாசல் பக்க மேசையில் கியானும் அவனுடைய கால்பந்துக் கூட்டமும். ஜன்னலோரத்தில் ஸோயா, அவளை ஒட்டி ஹெட்டி. நடுவில் மற்ற பிள்ளைகள். பலகைக்குப் பக்கத்தில் மிஸ் ஆஸ்பினால், நின்றபடி. கடைசியில், கோட்டு மாட்டும் கொக்கிகளுக்குக் கீழே, பிள்ளைகளின் சிவப்பு நாற்காலியில், முழங்கால் மோவாயை முட்ட உட்கார்ந்திருந்தார் மிஸ்டர் திரெல்ஃபால். பள்ளியைச் சோதிக்க வந்த ஆய்வாளர்.

அன்றைய பாடம் பிரிட்டிஷ் விழுமியங்கள்.

ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி, தனிமனித சுதந்திரம் என்று நான்காம் வகுப்பே வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தது.

ஒப்பித்தது போதும், செய்து பார்ப்போம் என்றார் மிஸ் ஆஸ்பினால். கோடைச் சுற்றுலாவுக்கு எங்கே போவது? ஓட்டு போட்டு முடிவு செய்யலாம். சமமாக வந்தால் போன வருஷம் போன இடமே. யார் சொன்ன இடம் ஜெயிக்கிறதோ, அவர்தான் அனுமதி கேட்டுக் கடிதம் எழுத வேண்டும்.

"மோர்கம்ப் கடற்கரை. போன வருஷ மாதிரியே," என்றான் கியான். மேசைகள் தடதடத்தன.

வேறு யாராவது?

ஹெட்டியின் கை மெதுவாக மேலே போனது. எழுந்தபோது காது வரை சிவந்திருந்தாள்.

"கழிவுநீர் நிலையம், மிஸ். எல்லாரும் டாய்லெட்ல தண்ணி இழுத்து விடுறோம்ல, அது எங்க போவுதுன்னு யாருமே பாத்ததில்ல."

"ஆளுக்கொரு துணி கிளிப்பு குடுத்துடுங்க மிஸ், மூக்குல மாட்டிக்க."

கியான் சொன்னதற்கு வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. மிஸ் ஆஸ்பினால் ஹெட்டியைப் பார்த்தார். செப்டம்பரில், அப்பாவுக்கு என்ன வேலை என்று ஆளாளுக்குச் சொன்ன நாளில், 'தண்ணி சம்பந்தமா' என்று முணுமுணுத்துவிட்டுச் சட்டென்று உட்கார்ந்த பெண் அது.

இன்று உட்காரவில்லை.

"அங்க ஒரு அலமாரி இருக்கு," என்றாள். "குழாய்ல வந்து சல்லடையில மாட்டுனதையெல்லாம் கழுவி அடுக்கி வெச்சிருக்காங்க. பல் செட்டு மட்டும் ஆறு."

சிரிப்பு நின்றது. பல் செட்டு ஆறு என்றால் சும்மாவா?

அந்த வாரம் தாள் கொடுக்கும் பொறுப்பு ஹெட்டிக்கு. அறையில் இருக்கிற எல்லோருக்கும் ஒன்று கொடு என்று சொல்லியிருந்தார் மிஸ். ஹெட்டி அப்படியே செய்தாள். மிஸ்டர் திரெல்ஃபாலின் மடிக்கணினி மேலும் ஒரு சீட்டு விழுந்தது.

அவர் மிஸ் ஆஸ்பினாலைப் பார்த்தார். மிஸ் ஆஸ்பினால் கூரையைப் பார்த்தார்.

ஓட்டுச் சீட்டுகளைப் போட்ட பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்து எண்ணினார்கள். கடலுக்குப் பதினாலு. கழிவுநீருக்கும் பதினாலு. இன்னும் ஒரே ஒரு சீட்டு.

அதைப் பிரிக்குமுன்பே மடிப்புக்கு வெளியே நீலம் ஊறித் தெரிந்தது.

பேனா.

நான்காம் வகுப்பு எழுதுவது பென்சிலில். கையெழுத்து கோணாமல், எழுத்தோடு எழுத்து சேர்ந்து ஓடத் தொடங்கினால்தான் பள்ளி ஒரு அட்டை கொடுக்கும், பேனா உரிமம் என்று. வகுப்பில் இன்னும் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. கைகழுவும் தொட்டிக்கு மேலே சட்டம் ஒட்டியிருந்தது: உரிமம் இல்லாதவர் பேனா தொடக்கூடாது.

"செல்லாத ஓட்டு மிஸ்," என்றான் கியான். "சட்டம்னா ராஜாவுக்கும் சட்டந்தான்னு நீங்கதானே சொன்னீங்க."

எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின.

மிஸ்டர் திரெல்ஃபால் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். உண்மையாகவே தடவினார்.

"இல்லப்பா. எனக்கு இடது கை. எழுத எழுத மை அப்பிக்கும். கடைசி வரைக்கும் எனக்குக் குடுக்கவே இல்ல."

தன் வேலை இந்தப் பிஸ்கட் டப்பாவோடு போயிற்று என்று மிஸ் ஆஸ்பினால் நினைத்தபோது ஸோயா வாயைத் திறந்தாள். "அப்ப இப்ப பரீட்சை வெச்சுக் குடுத்துடலாமே மிஸ்."

யார் திருத்துவது? கை தூக்கச் சொன்னார்கள். கறார் பேர்வழி கியான்தான் என்று அவனுக்கே அத்தனை கையும். ஹெட்டியும் தூக்கினாள்.

மிஸ்டர் திரெல்ஃபால் கோடு போட்ட தாளில், நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, ஒரு வாக்கியம் எழுதினார். கியான் அடிக்கோலை வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்தான். தவறு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஓட்டு சமமாகி மோர்கம்ப். அது அவனுக்கும் தெரியும். ஹெட்டிக்கும் தெரியும்.

"இந்த எழுத்தோட வால் கோட்டுக்குக் கீழ எறங்கல. இங்க மை அப்பியிருக்கு."

நிமிர்ந்தான். ஹெட்டியைப் பார்க்கவில்லை.

"ஆனா சேத்து எழுதியிருக்காரு. பாஸ்."

சீட்டைப் பிரித்தார் மிஸ் ஆஸ்பினால். எழுந்த சத்தத்தில் தலைமையாசிரியை பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

மதியம் ஹெட்டி பென்சிலைக் கூராகச் சீவிக்கொண்டாள்.

'மேலாளர் அவர்களுக்கு' என்று தொடங்கினாள். முகவரியை யாரிடமும் கேட்கவில்லை. கியான் அவள் தோளுக்கு மேலே தொங்கிக்கொண்டு, "பல் செட்டக் கையில எடுத்துப் பாக்க விடுவாங்களான்னு கேளு," என்றான். அதையும் எழுதினாள்.

உறையின் ஓரத்தை நக்கி, ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். மிஸ் ஆஸ்பினால் தபால் தலைக்காக இழுப்பறையைத் திறந்தார்.

"ஸ்டாம்ப் வேண்டாம் மிஸ்," என்றாள் ஹெட்டி. வாசல் பக்க மேசை வரை கேட்டது. "எங்கப்பா அங்கதான் வேலை பாக்குறாரு. காலைல அவர்கிட்டயே குடுத்தனுப்புறேன்."