வடைச்சட்டியும் மஞ்சள் காரும்

பந்தயத் திடலுக்கு எதிரே ஒரு டீக்கடை இருந்தது. அங்கே வடை சுட்டு மிஞ்சிய எண்ணெயை வடிகட்டி, பக்குவம் செய்து, டீசலுக்குப் பதிலாக ஒரு மஞ்சள் பந்தயக் காருக்கு ஊற்றி வந்தார்கள். காரோ, "நான் குடிக்கிறது கப்பல்ல வர்ற எண்ணெய்" என்று மற்ற கார்களிடம் பீற்றிக்கொள்ளும். பளபளவென்று பெயிண்ட் அடித்துக்கொண்டு சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? எதிரே அடுப்பிலிருந்த வடைச்சட்டியின் காதிலும் அது விழும். சட்டி தன்பாட்டுக்கு வடையைப் பொரித்துக்கொண்டிருக்கும்.

பந்தய நாளில் மஞ்சள் கார்தான் முதலில் பறந்தது. பின்னால் வந்த சிவப்புக் கார் மோப்பம் பிடித்தது.

"என்னப்பா இது, மசால்வடை வாசனை வருது?"

மஞ்சள் காருக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. புகை வெளியே தெரியக் கூடாதென்று வேகத்தைக் குறைத்தது. சிவப்புக் கார் முந்திவிட்டது.

சட்டிக்குப் பொறுக்கவில்லை. "வாசனை இங்கேருந்துதான் வருது! இன்னிக்கு அடுப்பு பலமா எரியுது!" என்று திடல் முழுக்கக் கேட்கும்படி கத்தியது. மஞ்சள் கார் அந்தப் பக்கம் வந்தபோது மட்டும் மெல்லச் சொன்னது: "நீ ஓடுடா."

ஓடியது. கடைசிச் சுற்றில் மயிரிழையில் ஜெயித்தது.

எல்லாக் கார்களும் சூழ்ந்துகொண்டன. "இப்பவாவது சொல்லு, எந்த நாட்டு எண்ணெய்?"

சாலைக்கு அப்பால் சட்டி, சொல்லாதே என்பதுபோல் இரண்டு காதையும் ஆட்டியது.

மஞ்சள் கார் அதையே பார்த்துக்கொண்டு சொன்னது: "எங்கம்மா சமையல்."