வாத்தியார் வீட்டுப் பெண்

திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு இன்னும் பத்து மைல் இருக்கும்போது அம்பாசிடர் கார் நின்றுவிட்டது. பின்சீட்டில் விசாலாட்சி பிரசவ வலியில் துடித்தாள்.

"பிளக் ஒயருங்க வெடிச்சிருந்துச்சு. புதுசு மாட்ட நாலையும் ஒண்ணா புடுங்கிட்டேம்மா. ஒண்ணாம் நம்பர் தெரியுது, மத்த மூணும் எங்க மாட்டறதுன்னு தெரியலை" என்றார் டிரைவர் சேட்டு.

"பேஜாரு பண்ணாதப்பா! புள்ளை ரோட்லயே பொறந்துடும்!" என்று மாமியார் தையல்நாயகி அலறினாள்.

விசாலாட்சி பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு. கடிகாரம் சுத்தறதுக்கு எதிர்ப்பக்கமா மாட்டுங்கண்ணே."

சேட்டு மாட்டினார். இன்ஜின் உறுமியது.

தையல்நாயகி மருமகளை முறைத்தாள். "உங்கப்பா வாத்தியாருன்னு சொன்னாங்களே?"

"பொய் சொல்லிட்டோம் அத்தை. விழுப்புரத்துல மெக்கானிக் ஷெட்டு. அங்க ஒயர் மாட்டறது நான்தான்."

"வாத்தியார் பொண்ணா இருந்திருந்தா இங்கயே பெத்திருப்ப. சேட்டு, ஜல்தி எடுப்பா!"